எத்தனை பங்கு பூர்வகுடி? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

என்னுடன் வேலை பார்க்கும் ஒருவர் ஓக்லஹோமாக்காரர். செரோக்கி என்ற அமெரிக்கப் பூர்வகுடி இனத்தவர் என்று சொல்லிக்கொள்கிறார். பார்த்தால் வெள்ளையர்தான். அமெரிக்க அரசு கொடுத்த அட்டை ஒன்று வைத்திருக்கிறார். அதில் ‘இந்தியக் குருதி 5/64’ என்று அச்சாகியிருக்கிறது (அங்கே பூர்வகுடிகளைத்தான் ‘இந்தியர்’ என்கிறார்கள்). மனிதருக்கு இப்படி ஒரு பின்னம் உண்டா? அவருக்குச் செரோக்கி மொழி தெரியாது, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறார். பிறகு எந்த வகையில் அவர் பூர்வகுடி? சலுகைக்காக ஒட்டிக்கொண்டிருக்கிறார் என்று அலுவலகத்தில் சிலர் முணுமுணுக்கிறார்கள். நம் ஊரிலும் பழங்குடிச் சான்றிதழ் பற்றி இதே பேச்சு காதில் விழுகிறது. காலனியாட்சி முடிந்து இவ்வளவு காலத்துக்குப் பிறகும் ‘யார் பூர்வகுடி’ என்ற கேள்வி ஏன் தீராமல் கிடக்கிறது?

அன்புடன்,
எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

அந்தப் பின்னம் உங்கள் சக ஊழியர் கண்டுபிடித்தது அல்ல, செரோக்கிகள் கண்டுபிடித்ததும் அல்ல. செரோக்கிகளுக்கு ஏழு குலங்கள். தாயின் குலமே பிள்ளையின் குலம். போரில் பிடிபட்டு வந்தவரைக்கூட ஒரு குலம் ஏற்றுக்கொண்டால் அவர் முழு செரோக்கி. பாதி, கால் என்ற பேச்சே அதில் இல்லை. பின்னம் வந்தது நில விற்பனைக்காக.

1887ல் அமெரிக்க நாடாளுமன்றம் டாவ்ஸ் சட்டத்தைக் கொண்டுவந்தது. இனம் முழுவதற்கும் பொதுவாக இருந்த நிலத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பது அதன் வேலை. குடும்பத் தலைவருக்கு 160 ஏக்கர், 18 வயதைத் தாண்டிய தனியாளுக்கு 80, சிறுவர்களுக்கு 40. பங்கிட்ட நிலத்தை 25 ஆண்டுகள் விற்க முடியாது, அரசு பொறுப்பில் இருக்கும். பங்கிட்டது போக எஞ்சியது ‘உபரி’. அது வெள்ளைக் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்படும். 1887ல் பூர்வகுடிகளிடம் இருந்த நிலம் ஏறத்தாழ 13.8 கோடி ஏக்கர். 1934ல் இந்த முறை நிறுத்தப்பட்டபோது மிஞ்சியது 4.8 கோடி ஏக்கர்.

உபரி போனது பாதிக் கதைதான். பங்காகக் கொடுத்த நிலத்தையும் வாங்குவதற்கு ஆட்கள் காத்திருந்தார்கள். 25 ஆண்டுத் தடை அவர்களுக்கு இடைஞ்சல். யாருக்குத் தடையை நீக்கலாம் என்று தீர்மானிக்க ஓர் அளவுகோல் தேவைப்பட்டது. அதற்குத்தான் குருதி விகிதம்.

செரோக்கி முதலான ஐந்து இனங்கள் 1887 சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றிருந்தன. அவர்களுக்கென்று 1893ல் தனி ஆணையம் அமைந்தது, 1898ல் கர்ட்டிஸ் சட்டம் பங்கீட்டைக் கட்டாயமாக்கியது. ஆணையத்தின் எழுத்தர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்து, வரிசையில் வந்தவர்களிடம் பெற்றோர் பெயரைக் கேட்டு, குருதி விகிதத்தைக் குறித்துக்கொண்டார்கள். சொன்னதை எழுதினார்கள், சில நேரம் முகத்தைப் பார்த்தே எழுதினார்கள். கூடப்பிறந்தவர்களுக்கு வெவ்வேறு விகிதம் விழுந்த பக்கங்கள் அந்த ஏட்டில் உண்டு. 1907ல் ஏடு மூடப்பட்டது. அடுத்த ஆண்டே சட்டம் வந்தது: பாதிக்குக் குறைவான குருதி என்றால் எல்லா நிலத்தையும் விற்கலாம். பாதி அல்லது அதற்கு மேல், முக்காலுக்குக் கீழ் என்றால் வீட்டுமனைப் பகுதி தவிர மற்றதை விற்கலாம். முக்கால் அல்லது அதற்கு மேல் என்றால் தடை தொடரும். இதே சட்டம் சிறுவர்களின் நிலத்தை உள்ளூர் நீதிமன்றங்களின் பொறுப்பில் விட்டது. நீதிமன்றம் நியமித்த காப்பாளர்களில் பலர் காத்தது அந்த நிலத்தை வாங்க வந்தவர்களை. எண்ணெய் வளம் தெரியவந்த பகுதிகளில் இது எப்படிப் போயிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

மினசோட்டா மாநிலத்தில் பூர்வகுடிகளுக்கென ஒதுக்கிய வெள்ளை மண் (White Earth) இருப்புப் பகுதியில் நடந்தது இன்னும் அப்பட்டம். 1906ல் அங்கே கலப்புக் குருதியினர் நிலத்தை விற்கலாம் என்று சட்டம் வந்தது. நிலம் கைமாறியது, மோசடி வழக்குகள் குவிந்தன. ‘இவர் கலப்பா, முழுக்குருதியா’ என்று நீதிமன்றத்துக்குச் சொல்ல 1910களில் மானுடவியலாளர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவர்கள் நெஞ்சுத் தோலை நகத்தால் கீறி, எவ்வளவு சிவக்கிறது என்று பார்த்தார்கள். தலைமுடியின் குறுக்குவெட்டை அளந்தார்கள். இந்த ‘அறிவியலால்’ ஒரே குடும்பத்துக்குள் முழுக்குருதியும் கலப்பும் பிரிந்தன. கலப்பு என்று முடிவானால் விற்பனை செல்லும். யாருக்கு லாபம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் சக ஊழியரின் அட்டைக்கு வருவோம். அது இந்திய விவகாரப் பணியகம் தருவது. வாங்கும் முறை இது: அந்தப் பழைய ஏட்டில் பெயர் உள்ள நேரடி முன்னோர் ஒருவரைக் கண்டுபிடித்து அவருடைய பதிவு எண்ணைக் குறிக்க வேண்டும். அவரிலிருந்து விண்ணப்பதாரர் வரை ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்புச் சான்றோ இறப்புச் சான்றோ கோர்க்க வேண்டும். தத்துப் பிள்ளை என்றால் பெற்றவர்களின் வரிசைதான் செல்லும். பிறகு கூட்டி வகுக்க வேண்டியதுதான். தந்தைக்கு 1/2, தாய்க்கு 3/8 என்றால் பிள்ளைக்கு 7/16. தந்தைக்கு 5/32, தாய்க்கு ஒன்றுமில்லை என்றால் 5/64. இப்போது கடையில் கிடைக்கும் மரபணுச் சோதனையை இங்கே யாரும் ஏற்பதில்லை. கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், தொடக்க எண் கூடாரத்து எழுத்தர் எழுதியது என்பதை மறக்க வேண்டாம்.

ஆனால் செரோக்கி நேஷனின், அதாவது அந்த இனத்தின் சொந்த அரசின், குடியுரிமை இந்தப் பின்னத்தைப் பார்ப்பதே இல்லை. ஏட்டில் உள்ளவரின் நேரடி வாரிசா என்பது மட்டும்தான் அங்கே கேள்வி. 5/64 ஆனாலும் 1/512 ஆனாலும் குடியுரிமை ஒன்றுதான். கூட்டரசு தரும் குருதி அட்டை வேறு, நேஷன் தரும் குடியுரிமை வேறு. உங்கள் அலுவலகத்தார் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சலுகை என்பதும் அப்படித்தான். மருத்துவ வசதி, கல்வி உதவி போன்றவை நிலத்தை விட்டுக்கொடுத்து எழுதிய உடன்படிக்கைகளின் வழியாக வந்த கடமைகள். வருமான வரி அவரும் கட்டுகிறார்.

எல்லா இனங்களும் செரோக்கி வழியில் போகவில்லை. நவாஹோ நேஷன் குறைந்தது கால் பங்கு கேட்கிறது. பலரும் அப்படிக் கேட்கிறார்கள். வெளியிலிருந்து வந்த அளவுகோலைத் தங்கள் சட்டத்திலேயே எழுதிக்கொண்டதற்குக் காரணம் இருக்கிறது. 1934 சட்டம் இனங்களுக்கு அரசியலமைப்பு எழுதும் வாய்ப்பைக் கொடுத்தபோது குருதி விகிதமே கையில் தரப்பட்ட மாதிரியாக இருந்தது. சிறிய இருப்புப் பகுதிகளுக்கு வருமானத்தைப் பகிர்வதில் ஓர் எல்லையும் வேண்டியிருந்தது. விளைவு கணக்கிலேயே இருக்கிறது. முழுக்குருதிப் பெண் வெளியே மணம் முடித்தால் பிள்ளைக்கு 1/2. அந்தப் பிள்ளையும் வெளியே மணந்தால் பேரப்பிள்ளைக்கு 1/4. அடுத்தவருக்கு 1/8, அவர் வெளியே.

வெளியே மணந்தால்தான் இப்படி ஆகும் என்றும் இல்லை. நான்கு தாத்தா பாட்டிகளும் நான்கு வெவ்வேறு இனங்களின் முழுக்குருதியினர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பேரப்பிள்ளை உடலில் வேறு குருதியே இல்லை. ஆனாலும் ஒவ்வோர் இனத்திலும் கால் பங்குதான். நான்கு இனங்களும் தங்கள் குருதியில் பாதி வேண்டும் என்று கேட்டால், நூறு சதவீதப் பூர்வகுடியான அந்தப் பிள்ளைக்கு எந்த இனமும் இல்லை. ஒருவரைச் சேர்க்க எழுதிய விதி இப்படி நடந்துகொள்ளாது. கழிக்க எழுதிய விதியைத்தான் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏட்டை நம்புவதிலும் ஆபத்து உண்டு. செரோக்கிகளில் வசதி படைத்தவர்கள் கறுப்பின அடிமைகளை வைத்திருந்தார்கள். 1866 உடன்படிக்கைப்படி விடுதலை பெற்ற அந்த மக்களுக்கும் செரோக்கிக் குடியுரிமை உண்டு. ஆணையத்தார் இவர்களைத் தனி ஏட்டில் எழுதினார்கள். அதில் குருதி விகிதத்துக்கான இடமே இல்லை. செரோக்கித் தகப்பனுக்குப் பிறந்திருந்தாலும் கறுப்பாகத் தெரிந்தால் அந்த ஏட்டுக்குத்தான் போனார்கள். 2007ல் செரோக்கி நேஷன் வாக்கெடுப்பு நடத்தி, ‘குருதி ஏட்டில்’ இல்லாதவர்களை வெளியேற்றியது. 2017ல் கூட்டரசு நீதிமன்றம் வெளியேற்றப்பட்டவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2021ல் செரோக்கி உச்ச நீதிமன்றமே ‘குருதியால்’ என்ற சொல்லை அரசியலமைப்பிலிருந்து நீக்கியது. அடையாளத்தைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமை கிடைத்தவர்களும் காலனி ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதே அநீதியைச் செய்ய முடியும். இதை மறைத்துவிட்டுப் பூர்வகுடி உரிமை பேசுவது எனக்கு உவப்பில்லை.

கனடாவில் பின்னம் கிடையாது. அங்கே வேறு கருவி. 1876ன் இந்தியச் சட்டப்படி பதிவு தகப்பன் வழியில் போகும். பதிவுபெற்ற ஆண் வெள்ளைப் பெண்ணை மணந்தால் அவளும் ‘இந்தியர்’. பதிவுபெற்ற பெண் வெளியாளை மணந்தால் அவள் பெயர் அடிபடும், பிள்ளைகளுக்கும் கிடையாது, பிறந்த இருப்புப் பகுதியில் வீடு வைத்துக்கொள்ள முடியாது. பல்கலைக்கழகப் பட்டம் பெற்றாலோ, வழக்கறிஞராகவோ மருத்துவராகவோ பாதிரியாராகவோ ஆனாலோ பெயர் தானாக நீங்கும் என்றும் அந்தச் சட்டம் தொடக்கத்தில் சொன்னது. படித்தவர் எப்படி இந்தியராக இருக்க முடியும் என்பது அதன் தர்க்கம். கூட்டரசுத் தேர்தலில் பதிவை இழக்காமல் வாக்களிக்கும் உரிமை 1960ல்தான் வந்தது.

சாண்ட்ரா லவ்லேஸ் என்ற மாலிசீட் பூர்வகுடிப் பெண் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போய் 1981ல் சாதகமான முடிவைப் பெற்றார். 1985ல் சட்டம் திருந்தியது. ஆனால் திருத்தத்துக்குள் ஒரு பொறி வைக்கப்பட்டது. பதிவு இரண்டு வகையாயிற்று: 6(1), 6(2). பெற்றோர் இருவரும் பதிவுபெற்றவர்கள் என்றால், அவர்கள் எந்த வகையானாலும், பிள்ளை 6(1). 6(1) ஒருவரும் வெளியாளும் என்றால் பிள்ளை 6(2). 6(2) ஒருவரும் வெளியாளும் என்றால் பிள்ளைக்குப் பதிவே இல்லை. தொடர்ந்து இரண்டு தலைமுறை வெளியே மணந்தால் முடிந்தது கதை. பின்னம் என்ற சொல் இல்லாமலேயே அதே வேலை நடக்கிறது.

இதில் பெண்ணுக்கு வைத்த தனி வஞ்சனையும் உண்டு. 1985க்கு முன் வெளியே மணந்த ஓர் அண்ணனையும் தங்கையையும் எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணனின் வெள்ளை மனைவி ஏற்கெனவே பதிவுபெற்றவர். ஆகவே அவர்கள் பிள்ளைகள் 6(1), வெளியே மணந்தால் பேரப்பிள்ளைகள் 6(2). தங்கைக்குப் பதிவு திரும்பக் கிடைத்தது. ஆனால் அவள் பிள்ளைகள் 6(2), பேரப்பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை. கூடப்பிறந்தவர்களுக்குள் ஒரு தலைமுறை வித்தியாசம். இதைச் சரிசெய்ய ஷாரன் மெக்கைவரின் வழக்கு, 2010ல் ஒரு சட்டம், டெஷனோ வழக்கு, 2017ல் இன்னொரு சட்டம் என்று இழுத்து, 2019ல்தான் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தகப்பன் பெயரைத் தாய் குறிப்பிடாவிட்டால் அவன் வெளியாள் என்று அதிகாரிகள் கொள்வதை ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017ல் கண்டித்தது. வன்முறையால் கருவுற்ற பெண்ணுக்கு அந்தப் படிவம் என்னவாக இருந்திருக்கும் என்று யோசியுங்கள்.

கனடாவின் வடக்கே இனுயிட் மக்களிடம் குடும்பப் பெயர் வழக்கம் இல்லை. அதனால் கணக்கு வைக்க முடியவில்லை என்று 1940களில் அரசு ஒவ்வொருவருக்கும் எண் பொறித்த வட்டத் தகடு கொடுத்தது, கழுத்திலோ மணிக்கட்டிலோ கட்டிக்கொள்ள. E என்ற எழுத்து கிழக்கு, W மேற்கு, பின்னால் எண். 1960களின் இறுதியில் தகட்டை விட்டுக் குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுக்கச் செய்தார்கள். அதுவும் பெருமளவு அவசரத்தில் நடந்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி: மொழியில்லை, சர்ச்சுக்குப் போகிறார். மொழி தானாக உதிரவில்லை. அமெரிக்காவில் 1879ல் தொடங்கிய கார்லைல் பள்ளியின் மாதிரியில் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து தொலைவாகக் கொண்டுபோய், முடியை வெட்டி, தாய்மொழி பேசினால் அடிக்கும் உறைவிடப் பள்ளிகள் நாடெங்கும் நடந்தன. கனடாவில் சுமார் 1,50,000 பிள்ளைகள் இவ்வகைப் பள்ளிகளில் சேர்க்கப்பட்டார்கள், கடைசிப் பள்ளிகள் 1990களில்தான் மூடின. சர்ச் விஷயத்தில் உங்கள் ஊகம் தலைகீழ். செக்கோயா என்பவர் 1821 வாக்கில் உருவாக்கி முடித்த செரோக்கி எழுத்தில் 1828ல் பத்திரிகையே வந்தது. பிறகு பைபிளும் பாட்டுப் புத்தகங்களும் அதே எழுத்தில் அச்சாயின. ஓக்லஹோமாவின் செரோக்கி பாப்டிஸ்ட் சபைகள் மொழி அதிக நாள் புழங்கிய இடங்களில் அடங்கும். சர்ச் என்றாலே இழப்பு என்ற சூத்திரம் அங்கே எடுபடாது.

இந்தச் சூத்திரத்தைச் சட்டமாக்கினால் என்ன ஆகும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் யோர்ட்டா யோர்ட்டா என்ற பூர்வகுடியினரின் வழக்கைப் பார்க்கலாம். 1992ன் மாபோ தீர்ப்பு பூர்வகுடிகளின் நிலவுரிமையை ஏற்றது. ஆனால் வழக்குப் போடுபவர்கள் வெள்ளையர் வந்த நாளிலிருந்து தங்கள் மரபுச் சட்டமும் வழக்கமும் அறுபடாமல் தொடர்வதைக் காட்ட வேண்டும். யோர்ட்டா யோர்ட்டா மக்கள் 1881ல் ஆளுநருக்கு ஒரு மனு கொடுத்திருந்தார்கள். நிலமெல்லாம் பறிபோயிற்று, பயிரிட்டுப் பிழைக்கக் கொஞ்சம் இடம் கொடுங்கள் என்று 42 பேர் கையொப்பமிட்ட மனு. 1998ல் நீதிபதி இதையே எடுத்து, இவர்கள் அப்போதே பழைய வாழ்வை விட்டுவிட்டார்கள் என்பதற்குச் சான்றாக்கினார். முதியவர்களின் வாய்மொழியைவிட, அந்த நிலத்தில் ஆடு மேய்த்த குடியேறி எட்வர்ட் கர் எழுதிவைத்த குறிப்புகளுக்கு மதிப்பு அதிகம் கிடைத்தது. 2002ல் உயர்மட்ட நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அறுத்தவனே வந்து ஏன் அறுந்தது என்று கேட்கிறான்.

நியூசிலாந்து குருதிக் கணக்கு, அறுபடாத மரபு என்ற இந்த இரண்டு கண்ணியிலிருந்தும் பெருமளவு வெளியே வந்திருக்கிறது. அங்கேயும் முன்பு ‘பாதிக்கு மேல்’ என்ற கணக்கு இருந்தது. 1974ல் சட்டம் மாறி, அந்நாட்டுப் பூர்வகுடியான மவோரி ஒருவரின் வழித்தோன்றல் எவரும் மவோரி என்றாயிற்று. இனத்துக்குள் சேர்ப்பது வம்சாவளியைக் கொண்டு. நய் டாஹு இனத்தவர் 1848ல் உயிரோடு இருந்த தங்கள் மூத்தோரின் பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு, அதில் ஒருவரிலிருந்து வருபவர் யாரானாலும் பதிவுசெய்கிறார்கள். பிறகு மொழியைக் கொண்டுவருவது அவர்கள் பாடு. 1982ல் தொடங்கிய கோஹங்கா ரியோ மழலையர் கூடங்களில் பாட்டிமார் மவோரி மொழி மட்டுமே பேசி வளர்த்தார்கள். முதலில் ஆளைச் சேர்த்துக்கொள்வது, பிறகு மொழியைக் கொடுப்பது. இந்த வரிசைதான் சரியென்று நினைக்கிறேன். மொழியைக் காட்டினால்தான் உள்ளே விடுவேன் என்றால் யாருக்குக் கற்றுக்கொடுப்பது?

2007ல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனத்தை 144 நாடுகள் ஆதரித்தன, இந்தியாவும் சேர்த்து. எதிர்த்தவை நான்கு: அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து. நான்கும் பிறகு நிலையை மாற்றிக்கொண்டன. தங்கள் உறுப்பினர் யார் என்பதைத் தாங்களே முடிவுசெய்யும் உரிமை அதன் 33ஆம் பிரிவில் இருக்கிறது.

நம் ஊருக்கு வருவோம். இங்கே குருதிப் பின்னம் இல்லை. ஆஸ்திரேலியாவில் பார்த்த இரண்டாவது கண்ணிதான் நமக்கு. 1965ல் லோகுர் குழு பழங்குடிக்கு ஐந்து அடையாளம் சொன்னது: ஆதிகாலப் பண்புகள், தனித்த பண்பாடு, ஒதுங்கிய வாழிடம், பிறருடன் பழகக் கூச்சம், பின்தங்கிய நிலை. ஐந்தில் நான்கு, பள்ளிக்கூடமும் சாலையும் வந்தால் போய்விடக்கூடியவை. போகவேண்டும் என்றுதான் அரசே திட்டம் போடுகிறது. இந்தப் பார்வையோடு விசாரணைக்கு வரும் அதிகாரி, இன்ன தொழில் தெரியுமா, இன்ன தெய்வத்தைக் கும்பிடுகிறாயா என்று கேட்டு, சுடிதார் போட்ட கல்லூரி மாணவியிடம் பழங்குடித் தோற்றம் இல்லை என்று முடிவுக்கு வரலாம். இந்தப் பண்பாட்டு ஒப்புமைச் சோதனையை முடிவான உரைகல்லாகக் கொள்ளக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2011லும், மீண்டும் 2023லும் சொல்லியிருக்கிறது. பழைய ஆவணமே முதல் சான்று.

ஆவணம் என்றதும் அடுத்த முடிச்சு விழுகிறது. தமிழ்நாட்டில் பழங்குடிச் சான்றிதழ் தருபவர் வட்டாட்சியர் அல்ல, கோட்டாட்சியர். அப்பாவின் சான்றிதழ் இருந்தால் எளிது. முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் இருளர் பிள்ளைக்கு அது எங்கிருந்து வரும்? அந்த நிலையில் ரத்த உறவினர் யாருக்காவது ஏற்கெனவே கொடுத்த சான்றிதழ், பழைய பள்ளிப் பதிவேட்டின் நகல், பத்திரம், பட்டா போன்றவற்றில் இனம் குறித்த இடம், ஊரில் நேரடி விசாரணை என்று சேர்த்துக் கொடுக்க வேண்டியிருக்கும். பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியர் கேட்காமலே வேறு சாதி எழுதிவிட்டால் அதைத் திருத்துவதே பெரும்பாடு. ஆகவே சேர்க்கை நாளன்றே அந்தக் கட்டத்தைப் பார்த்துவிடுவது நல்லது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்க வேண்டும். வாய்மொழி மறுப்பை வைத்து மேல்முறையீடு செய்ய முடியாது.

போலிச் சான்றிதழ் இல்லை என்று சொல்லவில்லை. இருக்கிறது, அதற்காகத்தான் 1994ன் மாதுரி பாட்டீல் வழக்குக்குப் பிறகு மாநில அளவில் கூர்நோக்குக் குழுக்கள் வந்தன. ஆனால் போலியைப் பிடிக்க வைத்த வலையில் உண்மையானவர்களே ஆண்டுக்கணக்கில் சிக்கிக் கிடக்கிறார்கள்.

பட்டியலிலேயே இருக்கும் கோளாறு வேறு. மலையாளி என்ற மலைவாழ் மக்கள் தமிழ்நாட்டுப் பட்டியலில் தர்மபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்களில் மட்டும் பழங்குடி. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர், கடம்பூர் மலைகளில் இருக்கும் அதே மக்கள் பழங்குடி அல்ல. ஈரோடு 1979 வரை கோயம்புத்தூரில் இருந்தது, கோயம்புத்தூர் பட்டியலில் இல்லை. அவ்வளவுதான் காரணம். பெண் கொடுத்து எடுக்கும் உறவு மாவட்ட எல்லையைத் தாண்டிப் போகும், சான்றிதழ் தாண்டாது. அரசியலமைப்பின் 342ஆம் பிரிவுப்படி பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் பெயர் 2023 தொடக்கத்தில் அந்த வழியாகத்தான் 37ஆவதாக உள்ளே வந்தது. பர்கூர் மலைக்காரர்கள் இன்னும் மனு கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்